திண்ணைப் பேச்சு: தாய்மொழி என்ன?

எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள் என்பது இந்தப் பகுதியை வாராவாரம் படிக்கும் நேயர்களுக்குத் தெரிந்த விஷயம். முத்தியால்பேட்டையில் திண்ணை உள்ள வீடுகளை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவு போடலாம் என்று என் மகன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "என் காலத்துக்குப் பிறகு போட்டுக்கொள்" என்று நானும் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் பேச்சு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் பக்கம் திரும்பியது. 2011-க்குப் பிறகு நம் நாட்டில் தலை எண்ணவே இல்லை. 2021-ல் எண்ணியிருக்க வேண்டும். கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போய், 2027-ஆம் வருஷக் கணக்கு என்று நாள் குறித்திருக்கிறார்கள்.

"வீட்டுக்கு வந்து என்னவெல்லாம் கேட்பார்கள்?" என்று கேட்டாள் என் மனைவி. வயதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கவலை அவளுக்கு.

"பெயர், வயசு, படிப்பு, தொழில், அப்புறம் தாய்மொழி" என்றேன்.

இதைக் கேட்டதும் சாய்வு நாற்காலியில் இருந்த சொல்தா தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அடுத்த வீட்டுத் தாத்தா அந்த ரகம். பிறந்தது பிரெஞ்சுக் கொடியின் கீழ். படித்தது பிரெஞ்சில். பட்டாளத்தில் வாங்கிய வசவும் பிரெஞ்சில்தான். ஜூலை 14 வந்தால் மெடல்களைத் துலக்கிக் குத்திக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டுவிடுவார். பிள்ளை பாரிஸில், பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வராது.

"தம்பி, அந்த இடத்தில் நான் என்ன சொல்லுவது? இது நாள்வரைக்கும் எனக்கே தெரியவில்லையே!" என்றார்.

நல்லவேளையாக, பழைய கணக்கெடுப்பில் இதற்கு என்ன விதி என்று நான் படித்து வைத்திருந்தேன். குழந்தைப் பருவத்தில் தாயார் அந்தக் குழந்தையிடம் பேசிய பாஷை எதுவோ, அதுதான் தாய்மொழி. தாயார் சிறு வயசிலேயே இறந்துபோயிருந்தால் வீட்டில் அப்போது பேசிய பாஷை. படித்த பாஷையும் கணக்கில்லை, சம்பளம் கொடுத்த பாஷையும் கணக்கில்லை.

"உங்கள் அம்மா உங்களிடம் எதில் பேசினார்கள்?"

"அவளுக்கு ஏது பிரெஞ்சு? 'மெர்சி' என்று ஒரு வார்த்தை தெரியும். அதையும் மீன்காரியிடம் சண்டை போடும்போதுதான் சொல்லுவாள். என்னைத் திட்டினது, கொஞ்சினது எல்லாம் தமிழ்தான்."

"அப்படியானால் தமிழ் என்று சொல்லுங்கள்."

தாத்தா மறுபடி சாய்ந்துகொண்டார். "எண்பத்துநாலு வயசில் ஒரு சந்தேகம் தீர்ந்தது" என்றார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

* * *

அந்தச் சமயம் பார்த்து எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காலாப்பட்டுப் பல்கலைக் கழகத்தில் படிக்கிறாள். அஸ்ஸாமில் ஹாஃப்லாங் என்ற மலையூர் அவளுக்கு. வந்து ஒரு வருஷத்தில் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் கற்றுக்கொண்டுவிட்டாள். என் மனைவியை "அம்மா" என்பாள். என்னை "அங்கிள்" என்பாள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நான் கேட்டதில்லை.

"உன் தாய்மொழி என்ன அம்மா? அஸ்ஸாமியா, வங்காளியா?" என்று கேட்டார் தாத்தா.

"இரண்டும் இல்லை தாத்தா. டிமாசா."

இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை. அவளாகச் சொல்லவில்லை; நாங்களாகக் கேட்கவும் இல்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அன்றைக்கு அவள் சொன்னதும், பிறகு நான் புத்தகங்களில் தேடிப் படித்ததுமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

'டி' என்றால் தண்ணீர். 'மா' என்றால் பெரிய. 'சா' என்றால் பிள்ளைகள். ஆக டிமாசா என்றால் பெரிய ஆற்றின் பிள்ளைகள். தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் அந்த 'டி' அஸ்ஸாம் முழுக்க ஆறுகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள் - டிஹிங், டிசாங், டிகோ என்று. கரையில் இருந்த ஜனங்கள் பாஷையை மாற்றிக்கொண்ட பிறகும் ஆறு தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு காலத்தில் இவர்கள் ராஜ்யம் ஆண்டவர்கள். தலைநகர் டிமாப்பூர், இன்றைக்கு அது நாகாலாந்தில் இருக்கிறது. பெரிய பெரிய காளான்களை நட்டு வைத்தது மாதிரிச் சித்திர வேலை செய்த கல் தூண்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. 1536-ல் ஆஹோம் ராஜாக்கள் படையெடுத்து அந்த ஊரைப் பிடித்ததும் டிமாசா ராஜா மலைப் பக்கம் போய் மைபாங் என்ற இடத்தில் தலைநகர் அமைத்தார். 'மை' என்றால் நெல். மைபாங் என்றால் நெல் மிகுந்த ஊர். அதன் பிறகு காச்சார் சமவெளியில் காஸ்பூர். கடைசி ராஜா கோவிந்தசந்திரர் 1830-ல் கொலையுண்டார். 1832-ல் வெள்ளைக்காரர்கள் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள்.

"டிமாப்பூர் என்பது ஹிடிம்பாபூர் என்றும் சொல்லுவார்கள் அம்மா. எங்கள் ராஜாக்கள் பீமசேனனுக்கும் ஹிடிம்பைக்கும் பிறந்த கடோத்கசன் வம்சம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

என் மனைவி அசந்துபோனாள். பாரதத்து இடும்பி வம்சத்துப் பெண் தன் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறாள் என்றால் சாமானியமா? "நம் பழனியிலே இடும்பன் இருக்கிறானே, அதுவும் உங்கள் உறவு முறையாக இருக்குமோ?" என்று கேட்டுவிட்டாள். அவன் வேறு கதை என்று நான் சொல்லியும் அவளுக்குத் திருப்தியில்லை.

இந்த வம்ச விருத்தாந்தத்தின் பின்னால் ஒரு வேடிக்கையான சம்பவம் சரித்திரத்தில் இருக்கிறது. 1790-ல் ராஜா கிருஷ்ணசந்திரரும் அவர் தம்பி கோவிந்தசந்திரரும் தாமிரத்தில் ஒரு பெரிய பசு செய்து, அதன் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தார்கள். வெளியே வந்ததும் அவர்கள் க்ஷத்திரியர்கள் என்று பிராமணர்கள் அறிவித்தார்கள். பீமன் வரைக்கும் வம்சாவளி ஒன்றும் எழுதிக் கொடுத்தார்கள். திருவாங்கூர் மகாராஜாக்கள் ஹிரண்யகர்ப்பம் செய்துகொண்டது நமக்குத் தெரியும். அதே மாதிரிதான் இதுவும்.

"தாமிரப் பசுவுக்குள் போய் வந்ததோடு ராஜாவின் பாஷையும் மாறிவிட்டது" என்றாள் அந்தப் பெண். வாஸ்தவம்தான். காஸ்பூர் அரண்மனையில் எழுத்து வேலைகள் வங்காளியிலும் சம்ஸ்கிருதத்திலும் நடந்தன. டிமாசா மட்டும் அரண்மனைக்கு வெளியே, வயலிலும் தறியிலும் அடுப்படியிலும் இருந்துவிட்டது.

ஆனால் ராஜ்யம் போய் இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அரண்மனைக்கு வெளியே நின்ற பாஷை இன்னும் இருக்கிறது! 2011 கணக்கில் 1,37,184 பேர் டிமாசாவைத் தாய்மொழி என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதிகமாக வாழும் ஜில்லாவுக்கு 2010-ல் 'டிமா ஹசாவ்' என்று பெயரே மாற்றியாகிவிட்டது. அதற்குச் சகோதரி முறையான போடோ மொழி, 2003-ல் செய்த திருத்தத்தால் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் பிடித்தது. டிமாசாவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், பாடுகிறார்கள். ஜனவரியில் அறுவடை முடிந்ததும் நம் பொங்கல் மாதிரி 'புசு' கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பாஷை எப்படிப் பிழைத்தது என்று யோசித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. டிமாசாக்களுக்கு இரண்டு விதக் குலம் உண்டு. தகப்பன் வழிக் குலம் நாற்பது, தாய் வழிக் குலம் நாற்பத்திரண்டு. பிள்ளை தகப்பன் குலத்தைத் தொடருவான். பெண் தாய் குலத்தைத் தொடருவாள். தகப்பனுடைய ஆயுதமும் நிலமும் பிள்ளைக்கு. தாயின் நகையும் தறியும் துணிமணியும் பெண்ணுக்கு. தாயிடமிருந்து பெண்ணுக்கு என்று தனியாக ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தால், அதில் பேச்சும் சேர்ந்து ஓடத்தானே செய்யும்?

"கேட்டீர்களா? என் நகையெல்லாம் என் பெண்ணுக்குத்தான்!" என்றாள் என் மனைவி. திண்ணையை இடிக்கப் பார்க்கும் மகன் அப்போது வீட்டில் இல்லை.

* * *

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் ஊரில் எங்களைப் போல யாராவது இருக்கிறார்களா அங்கிள்? தனியாக ஒரு சின்னப் பாஷை, தனியாக ஒரு ஜனம்?"

நான் சற்றுப் பெருமையாகவே, "இங்கே அதெல்லாம் கிடையாது. மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, இங்கேயும் காரைக்காலிலும் தமிழ். தாத்தா மாதிரிச் சிலருக்குப் பிரெஞ்சு. அவ்வளவுதான்" என்றேன்.

"ஏன் இல்லை?" என்றாள் என் மனைவி. "பாகூரில் என் தம்பி வயலுக்கு எலி பிடிக்க வருமே ஓர் ஆயா, அவர்களெல்லாம் யார்?"

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. முப்பது வருஷமாக அந்தக் கிழவியை எனக்குத் தெரியும். அவள் இருளர் என்பதும் தெரியும். ஆனால் "தனியாக ஒரு ஜனம்" என்று கேட்டபோது அவள் ஞாபகம் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் பாகூர் போனோம். ஏரிக்கரை ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு குடிசைகள். நாங்கள் போன நேரத்தில் ஆயா குடிசைக்குப் பின்புறம் பேத்தியோடு பேசிக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அது காதில் விழுந்தது. தமிழ்தான். ஆனால் நான் கேட்டுப் பழகிய தமிழ் இல்லை. ஒரே வேகம், முடிவுகளை விழுங்கி விழுங்கிப் பேசினாள். நடுநடுவே எனக்குப் புரியாத வார்த்தைகள் வந்தன. ராகமும் வேறாக இருந்தது. பாதிதான் புரிந்தது.

நான் கனைத்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க சாமி, வாங்கம்மா, உக்காருங்க" என்றாள். நாங்கள் பேசும் அதே தமிழ், அட்சரம் பிசகாமல்!

"இப்போ பேசிக்கொண்டிருந்தீர்களே ஆயா, அது என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க சாமி, சும்மா பேசிக்கிட்டிருந்தோம்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மாடிப் பெண் என் காதருகே மெதுவாகச் சொன்னாள்: "சில்சார் ஆஸ்பத்திரியில் எங்கள் அம்மாவும் இப்படித்தான் அங்கிள். என்னிடம் டிமாசாவில் பேசிக்கொண்டே இருப்பாள். நர்ஸ் வந்ததும் சட்டென்று வங்காளிக்கு மாறிவிடுவாள். இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்."

* * *

இருளர்களைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் பாம்பும் எலியும்தான். அதையும் சரியாகத் தெரிந்துகொண்டோமா என்றால் இல்லை. அன்றைக்கு ஆயா வரப்பில் எங்களை அழைத்துக்கொண்டு போனாள். ஒரு வளையைக் காட்டி, இது வெள்ளெலி வளை, இது காலி, இதில் குட்டி இருக்கிறது, இதற்கு அந்தப் பக்கம் இன்னொரு வாசல் உண்டு என்று வாசலில் கிடந்த மண்ணைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள். பானையில் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகையை ஊதி எலியை வெளியேற்றுவது இவர்கள் வழக்கம். எலி சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். விவசாயிக்கு எலித் தொல்லை தீரும். இவர்களுக்கு ஒரு வேளைச் சோறு ஆகும். கூலியை உயர்த்திக் கேட்டால் மட்டும் நம் முகம் சுளிக்கும்.

பாம்பு விஷயமும் அப்படித்தான். தோலுக்காகப் பாம்பு பிடிப்பது ஒரு காலத்தில் இவர்கள் ஜீவனமாக இருந்தது. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு அதற்கு வழியில்லாமல் போயிற்று. பிறகு 1978-ல் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாலு வகையையும் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பாம்பை மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக் கடிக்கு ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே ஊசி, அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு இவர்கள் கையால் எடுத்தது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவில் ஃபுளோரிடாவுக்கே வரவழைத்து, அங்கே பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்கச் சொன்னார்கள். 2023-ல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இவர்களுக்குக் குல தெய்வம் கன்னியம்மன். மாசி மகத்துக்கு ஊர் ஊராகக் கிளம்பி மாமல்லபுரம் கடற்கரையில் கூடி, மணலிலேயே கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். கல்யாணங்களும் அங்கேயே நடக்கும். அதே மாசி மகத்தன்று நாம் வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரி பார்க்க இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்கிறோம். கடல் ஒன்றுதான்.

சரி, பாஷைக்கு வருவோம். செங்கல்பட்டு, விழுப்புரம், புதுச்சேரிப் பக்கத்துச் சமவெளி இருளர்கள் இன்றைக்குப் பெரும்பாலும் தமிழே பேசுகிறார்கள். தமக்கென்று ஒரு தொனியும் சில சொற்களும்தான் மிச்சம். ஆனால் நீலகிரிச் சரிவிலும், கோயமுத்தூர் மலையோரங்களிலும், கேரளத்து அட்டப்பாடியிலும் இருக்கிற இருளர்களுக்கு முழுசாக ஒரு பாஷையே உண்டு. கோத்தகிரிப் பக்கத்து ரங்கசாமி சிகரத்தில் பூஜை செய்யும் உரிமை இருளருக்குத்தான்.

அந்தப் பாஷையைத் தேடி வந்தவர்கள் யார் என்று பாருங்கள். 1968-ல் ஜெரார் டிஃப்லோத் என்பவர் அமெரிக்காவில் அதைப் பற்றி ஆராய்ச்சி எழுதிப் பட்டம் வாங்கினார். தமிழில் பெரும் புலமை பெற்ற செக்கோஸ்லோவாகியா நாட்டுக்காரர் கமில் சுவெலபில் நீலகிரிக்கு வந்து இருளரோடு பேசிப் பழகி, 1973-லிருந்து 'இருளர் மொழி' என்று வரிசையாகப் புத்தகம் போட்டார். பிறகு நம்மவர் பெரியாழ்வார் இலக்கணம் எழுதினார். தமிழின் கொச்சை என்று நாம் தள்ளிவிடுகிற இந்தப் பேச்சு, தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள தனி மொழி என்று இந்த ஆராய்ச்சிகள் காட்டின. அதில் நாக்கை வாயின் நடுவே இழுத்துக்கொண்டு உச்சரிக்கிற உயிரெழுத்துகள் சில உண்டு. நம் பன்னிரண்டு உயிரில் எதை எழுதினாலும் அந்த ஒலி வராது.

"சொன்னால் எப்படிப் புரியும்? கேட்டுப் பாருங்கள்" என்று மாடிப் பெண் தன் டெலிபோனில் ஒரு பாட்டைப் போட்டாள். 2020-ல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் அட்டப்பாடி நஞ்சியம்மா, இருளர் மொழியில் தாமே கட்டிப் பாடிய பாட்டு. ஆடு மாடு மேய்த்த அந்த அம்மாளுக்குச் சிறந்த பாடகி என்று 2022-ல் தேசிய விருது கொடுத்தார்கள். சங்கீதம் முறையாகப் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதற்குப் பல மடங்கு பேர், கொடுத்தது சரியே என்று சொன்னார்கள்.

ஆயா அந்தப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டாள். அட்டப்பாடி எங்கே, பாகூர் எங்கே! "எங்க ஜனம்தாங்களா இது? சினிமாவிலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "இன்னொரு வாட்டி போடு கண்ணு" என்றாள்.

* * *

பாட்டு முடிந்த பிறகுதான் ஆயா மனம் விட்டுப் பேசினாள். பேரன் பத்தாவது பாஸ் செய்திருக்கிறான். மேலே படிக்கப் பழங்குடி என்று சர்ட்டிபிகேட் வேண்டும். அதற்காக ஓர் ஆபீஸுக்குப் பல தடவை நடந்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஒருவர், "எங்களை மாதிரியே தமிழ் பேசுறீங்க, நீங்க எப்படிப் பழங்குடி? உங்க பாஷையில நாலு வார்த்தை பேசு பார்க்கலாம்" என்றாராம்.

"பள்ளிக்கூடத்துல எங்க பேச்சைப் பேசினா புள்ளைங்க சிரிக்குதுங்க. அதனாலதான் பேசாதேடான்னு அவனை அடிச்சு வளர்த்தேன் சாமி. இப்ப அங்க போனா, அதைப் பேசிக் காட்டுங்கறாங்க. நான் எங்கன்னு போவறது?"

எங்கள் மூன்று பேருக்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

புதுச்சேரி இருளர்கள் இந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு வந்து சேர்ந்ததே ஒரு பெரிய கதை. 1950-ல் இந்தியா முழுவதும் ஆதிதிராவிடர், பழங்குடிப் பட்டியல்கள் போட்டபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-ந் தேதி சட்டப்படி இணைந்தது. 1964-ல் புதுச்சேரிக்கு ஆதிதிராவிடர் பட்டியல் வந்தது. பழங்குடிப் பட்டியல் மட்டும் வரவில்லை. சங்கராபரணி ஆற்றுக்கு அந்தண்டை விழுப்புரம் பக்கம் இருக்கிற தாய்மாமன் பழங்குடி. இந்தண்டை இருக்கிற மருமகன் பழங்குடி அல்ல என்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிற்று. 2016 டிசம்பரில்தான் ராஷ்டிரபதி உத்தரவு வந்தது: வில்லி, வேட்டைக்காரன் உள்பட இருளர், புதுச்சேரியில் பழங்குடியினர் என்று. பட்டியலில் இருப்பது அந்த ஒரே பெயர்.

அந்த உத்தரவில் பாஷையைப் பேசிக் காட்ட வேண்டும் என்று எங்கேயும் இல்லை. நாம் சிரித்துச் சிரித்து வாயடைத்த பேச்சை நாமே அத்தாட்சி கேட்பது நியாயமா என்று நேயர்கள் சொல்ல வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 2011-ல் தமிழ்நாட்டில் இருளர்கள் 1,89,661 பேர். நாடு முழுவதிலும் இருளர் மொழியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 11,870 பேர். சமவெளியில் இருப்பவர்கள் தமிழ் என்று சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மலையில், வீட்டில் ஒன்றைப் பேசிவிட்டுக் கணக்கெடுக்க வந்தவரிடம், சிரிப்பாரோ என்று பயந்து, "தமிழ்" என்றோ "மலையாளம்" என்றோ சொன்னவர்கள் எத்தனை பேரோ!

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பத்தாயிரம் பேருக்குக் குறைந்தவர்கள் பேசும் பாஷையைச் சர்க்கார் பட்டியலில் தனியாக அச்சிடுவதில்லை. 'மற்றவை' என்ற தலைப்பில் கொட்டிவிடுவார்கள். டிமாசாவுக்கு அந்தப் பயம் இல்லை. இருளர் மொழி தமிழின் தொகையோடு கூட்டப்பட்டாலும், அதற்குக் கீழே தன் பெயரில் ஒரு வரி வைத்திருக்கிறது. கோட்டுக்கு மேலே இருப்பது 1,870 பேர்தான். நாலைந்து மலைக் கிராமங்களில் வெட்கப்பட்டு வேறு பெயரைச் சொன்னால், அந்த வரியும் போய்விடும்.

* * *

கிளம்பும்போது ஆயா கேட்டாள்: "கணக்கெடுக்க வந்தா நாங்க என்ன சாமி சொல்லணும்?"

"நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது ஆயா. உங்க அம்மா உங்ககிட்ட எப்படிப் பேசினாங்களோ, அதைச் சொல்லுங்க. தமிழ்னா தமிழ். எங்க ஜனத்துப் பேச்சுன்னா அது."

"எங்கம்மா பேசினதைவிட அதட்டினதுதான் ஜாஸ்தி" என்றாள் ஆயா. இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

மாடிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் ஏதோ சொன்னாள் - வேலிக்கு அந்தப் பக்கம் பேத்தியிடம் பேசிய அதே வேகத்தில், அதே ராகத்தில். அந்தப் பெண்ணும் டிமாசாவில் என்னவோ பதில் சொன்னாள். இருவருக்கும் புரிந்தது போலத்தான் இருந்தது. எனக்குத்தான் இரண்டும் புரியவில்லை.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். கணக்கெடுக்க வீடு வீடாகப் போகிறவர்களும் பெரும்பாலும் நீங்கள்தான். ஏரிக்கரைக் குடிசைக்கோ மலையூருக்கோ போகும்போது, கேட்காமலே "தமிழ்" என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். கேளுங்கள், அவர்கள் சொன்னதை எழுதுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை வேறு ராகத்தில் பேசினால் மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள். அந்தப் பேரனுக்குச் சர்ட்டிபிகேட் கிடைக்க என்ன செய்யலாம் என்று ஒரு வக்கீல் நண்பரைக் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் இதே பகுதியில் எழுதுகிறேன்.

சொல்தா தாத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் தமிழ் பேசினதற்காக முழங்கால் போட்டிருக்கிறேன் தம்பி" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாகூருக்குத் தம்மையும் அழைத்துக்கொண்டு போக வேண்டுமாம்.